தராசுத் தட்டின் அடியில்

நான் வேட்டைக்குப் போகிறவன் என்று தெரிந்தால், இலங்கை யுத்தத்துக்குத் தப்பி இங்கே வந்த எங்கள் ஆட்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதலாவது, "அங்கை பட்டது போதாதெண்டோ இஞ்சை வந்தும் துவக்குத் தூக்கினனீங்கள்?" இரண்டாவது, "இறைச்சி கொஞ்சம் கிடைக்குமோ?" முதல் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. இரண்டாவதைக் கேட்பவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான் என்பதால் எனக்கு அதில் பெரிய மனத்தாங்கலும் இல்லை.

சுவிஸில் கூர் நகரத்தில் ஒரு ஹோட்டலில் நான் சமையற்காரன். இலையுதிர் காலம் வந்தால் குசினிக்கு மான் வரும். கண்டபடி சுடப்பட்ட மானின் இறைச்சி கன்றிக் கறுத்திருக்கும். பாதியை வெட்டி எறிய வேண்டும். எறிந்து எறிந்து எரிச்சல் வந்து, இதை நானே ஒழுங்காகச் சுடுவேன் என்று ஒருநாள் வாயை விட்டேன். விட்ட வாய்க்காக இரண்டு வருடம் மானின் பல்லையும் மரத்தின் பெயரையும் ஜெர்மனில் பாடமாக்கி வேட்டைப் பரீட்சை எழுத வேண்டியதாயிற்று. அந்த வகுப்பில் கடைசி வாங்கில் என் பக்கத்தில் இருந்தவள்தான் இன்றைக்கும் என் வேட்டைக் கூட்டாளி. மலைக் கிராமங்களுக்குப் போகிற போஸ்ட் பஸ் ஓட்டுகிறவள். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், தனியாக இருக்கிறாள், வயது என் வயதுதான். வேட்டைக்காரர் எல்லாரும் ஒருவரை ஒருவர் 'நீ' என்றே கூப்பிடுவது இங்கே வழக்கம். நாங்களும் முதல் நாளிலிருந்தே நீ, நான்தான்.

இருவரிடமும் ஒரே அளவுத் துவக்கு. சின்னதுமில்லை, யானை சுடுகிற பெரியதுமில்லை, நடுத்தரம். சன்னம், அதாவது குண்டு, பத்து மில்லிமீற்றர் விட்டத்தைச் சற்றுத் தாண்டும். இந்தப் பக்கத்து வேட்டைக்காரர் காலங்காலமாகக் கட்டிக்கொண்டிருக்கும் அளவு அது. ஜெனீவாப் பக்கத்து ஆட்கள் பார்த்தால் இதென்ன குண்டாந்தடி என்று சிரிப்பார்கள். சன்னம் மெதுவாகத்தான் போகும், ஆனால் மானை நின்ற இடத்தில் விழுத்தும், இறைச்சியையும் அதிகம் கெடுக்காது. ஒரே குறை, உதைக்கும். சும்மா உதைக்காது, கோபக்கார மாடு உதைக்கிற மாதிரி உதைக்கும்.

இந்த அளவுத் தோட்டாவுக்குக் கடையில் தெரிவு குறைவு. அதனால் பலர் வீட்டிலேயே நிரப்புவார்கள். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கோதைக் கழுவி, நெளிவெடுத்து, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப்பு அடித்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் சன்னத்தை அழுத்திச் செருகுவது. சமையற்காரனுக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை. மருந்து கொஞ்சம் கூடினால் வேகம் கூடும், உதைப்பும் கூடும். எல்லை தாண்டினால் துவக்கின் பின்பக்கத்தைப் பூட்டுகிற இரும்புத் தாழே கழன்று சுடுகிறவரின் முகத்துக்கு வரலாம். குறைந்தால் உதைப்புக் குறையும், சன்னமும் தாழ்ந்து போய்ப் படும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் துவக்குக்கும் உங்கள் தோளுக்கும் ஒத்துவருகிற ஓர் இடம் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் முழுச் சோலியும்.

அந்த வருடம் என் தோள் என் பக்கம் இல்லை. மாரியில் சூப் பானை ஒன்றைத் தூக்கி வலது தோளில் தசைநார் கிழிந்து, கத்தி வைத்துத் தைத்தார்கள். டொக்டர் துவக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. "மெதுவாக" என்றார். மெதுவாக உதைக்கிற துவக்கை எந்தக் கடையில் வாங்குவது? நான் துவக்குக் கட்டையின் பின்பக்கம் தடித்த ரப்பர் மெத்தை பொருத்தினேன். சன்னத்தைக் கொஞ்சம் பாரம் குறைந்த வகைக்கு மாற்றினேன். மருந்தை மட்டும் குறைக்கவில்லை. "மருந்தைக் குறை, மனிசா" என்று கூட்டாளி பத்துத் தரமாவது சொல்லியிருப்பாள். குறைத்தால் அது துவக்கா, தீபாவளி வெடியா? எனக்கு மானம் போய்விடும் என்ற எண்ணம். பார்க்கப் போவது மான் மட்டும்தான்.

தோட்டா நிரப்பும் மேசை எங்கள் வீட்டு நிலவறையில் இருக்கிறது. மேசையில் பூட்டிய இரும்பு அழுத்தி ஒன்று, பக்கத்தில் பழைய தண்டுத் தராசு. தராசின் ஒரு பக்கம் சின்னப் பித்தளைத் தட்டு, மறுபக்கம் முள். ஒவ்வொரு முறையும் முதலில் வெறுந்தட்டை வைத்து முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விலகியிருந்தால் அடியிலுள்ள திருகாணியைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். கூட்டாளி இதை ஒரு நாளும் தவறவிட மாட்டாள். நான் இளவேனிலில் ஒருக்கால் சரிபார்த்தேன், பிறகு அது என்ன ஓடியா போகும் என்று இருந்துவிட்டேன்.

என் மனைவிக்கு அந்த மேசையைக் கண்ணில் காட்டக் கூடாது. முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறாள். நாள் முழுக்க ஆட்களைத் தூக்கி நிமிர்த்துகிறவள். நீங்கள் ஏன் ஒன்றை விழுத்தப் போகிறீர்கள் என்பாள். மான் இறைச்சிக்கு வீட்டில் தனிச் சட்டி. நவராத்திரி ஒன்பது நாளும் அந்தச் சட்டி பல்கனிக்குப் போய்விடும். ஆயுத பூசை அன்று தையல் மெசின், பிள்ளைகளின் மடிக்கணினிகள், என் குசினிக் கத்திகள், கார், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். நிலவறைக்கு மட்டும் ஒரு வருடமும் இறங்கியதில்லை.

அந்த வருடம் இறங்கியிருந்தாள். பூசை முடிந்து நாலு நாள் கழித்து நான் நிலவறைக்குப் போனபோது இரும்பு அழுத்தியின் நெற்றியில் அழகாக ஒரு பொட்டு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தோளுக்காகத்தான் செய்திருக்கிறாள் என்று விளங்கியது. ஆனால் மேலே போய் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள், பிறகு அது சண்டையில் முடியும். அன்றைக்கே முப்பது தோட்டா நிரப்பினேன். முள்ளைச் சரிபார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கூட்டாளி வந்து, நான் வேலையில் இருந்த நேரத்தில், தனக்கு இருபது நிரப்பிக்கொண்டு போனாள். மருந்து விசயத்தில் அவள் முரடு. புத்தகத்தில் போட்டிருக்கிற எல்லைக்கு ஒரு மயிரிழை கீழேதான் எப்போதும் நிற்பாள்.

நவம்பரில் பெண்மான்களுக்கான மேலதிக வேட்டை தொடங்கும். முதல் சனிக்கிழமை கூட்டாளி விடியவே மலைக்குப் போய்விட்டாள். நான் புது மெத்தையையும் புதுச் சன்னத்தையும் பரீட்சிக்க வேண்டுமென்று காலையில் சுடுதளத்துக்குப் போனேன். பயந்து பயந்துதான் முதல் வெடியை வைத்தேன். தோளில் யாரோ கை வைத்துத் தள்ளின மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இன்னும் நாலு வைத்தேன். நோவே இல்லை. ஐந்தும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடிவிடக்கூடிய அளவுக்கு நெருங்கிப் பட்டிருந்தன. ரப்பர் மெத்தையைத் தட்டிக் கொடுத்தேன். என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டேன். ஒன்றுதான் உதைத்தது: ஐந்தும் நாலு விரல் தாழ்ந்து பட்டிருந்தன.

பாரம் குறைந்த சன்னம் என்பதற்காக இவ்வளவு தாழ வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து நேரே நிலவறைக்கு இறங்கி, மிச்சத் தோட்டாவில் ஒன்றை, தோட்டா பிரிப்பதற்கென்றே உள்ள சுத்தியலில் பூட்டித் தட்டிப் பிரித்தேன். இந்த முறை ஒழுங்காக வெறுந்தட்டை வைத்தேன். முள் விலகியிருந்ததா என்றுகூடக் கவனிக்காமல் அவசரத்தில் திருகாணியைத் திருகிப் பூச்சியத்தில் நிறுத்தினேன். மருந்தை நிறுத்தேன். குறைவு. இன்னொன்று பிரித்தேன். அதே அளவு குறைவு. ஆறு பிரித்தேன், ஆறும் ஒரே மாதிரி. என்னடா இது என்று மேசையைத் துழாவினபோது தராசின் காலடியில் காய்ந்த சந்தனப் பொருக்கு ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் குங்குமச் சிவப்போடு. அதைத் தட்டில் போட்டு நிறுத்தேன். குறைந்த மருந்தின் பாரமும் பொருக்கின் பாரமும் ஒன்று.

மேலே பார்த்துக் கூப்பிட்டேன். மனைவி இறங்கி வந்தாள்.

"நீர் தராசுக்கும் சந்தனம் வைச்சனீரோ?"

"ஓம். ஏன்?"

"எங்கை வைச்சனீர்?"

"தட்டுக்கு. உள்ளுக்கை வைச்சா உங்கட மருந்திலை ஒட்டிப் போடும் எண்டு அடியிலை வைச்சனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தனத்தோடு தட்டு பாரம், பாரத்தின் பங்குக்கு மருந்து குறைவு. என் தோளைக் காப்பாற்றியது ரப்பர் மெத்தை இல்லை, வீட்டுக்காரியின் பொட்டு. இதை அவளுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் நிரப்பிய அன்று பொட்டு தட்டில்தான் இருந்திருக்கிறது. இப்போது தட்டு சுத்தம், பொருக்கு மேசையில். எனக்குப் பிறகு அந்தத் தராசைத் தொட்டது கூட்டாளி மட்டும். அவள் முதலில் முள்ளைச் சரிபார்ப்பவள். பொட்டு இருக்கும்போதே பூச்சியத்துக்குத் திருகிவிட்டு, நிரப்புகிற இடையில் பொருக்கு கழன்று விழுந்திருந்தால், அதற்குப் பிறகு அவள் போட்ட ஒவ்வொரு தோட்டாவிலும் அந்தப் பொருக்கின் அளவு மருந்து கூடியிருக்கும். எல்லையில் நிற்கிறவளுக்கு அது எல்லை தாண்டிவிடும். சற்று முன் திருகாணியைத் திருகும்போது முள் எங்கே நின்றது என்று கவனித்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தத் தோட்டாவோடு அவள் இப்போது மலையில். கன்னத்தைக் கட்டையில் வைத்து, கண்ணைத் தாழுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து.

போன் எடுத்தேன். வேட்டையில் அவள் போனை நிறுத்தி வைப்பாள் என்று தெரிந்துகொண்டே ஏழு முறை எடுத்தேன். வேட்டைக் காவலருக்கு எடுத்தேன். அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையில் நின்றார், வர இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றார். கார்த் திறப்பை எடுத்தபோது மனைவி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீர் ஏன்?"

"நான் தானே வைச்சனான்."

அரை மணித்தியால ஓட்டம். வழி முழுக்க அவளுடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. தேவாரம் என்று நினைக்கிறேன். நான் என்னைத் திட்டிக்கொண்டு போனேன். முள்ளைப் பார்க்க எனக்கு அரை நிமிடம் போதும். அன்றைக்கு நான் அதைப் பார்த்திருந்தால் பொட்டு அன்றைக்கே தெரிந்திருக்கும். மனிசி அன்பாக வைத்ததைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? குற்றம் முழுக்க என் சோம்பலில்.

ஒரு வளைவில் மெதுவாகச் சொன்னாள்: "ஆளுக்கு ஒண்டும் ஆகியிருக்காது, என்னப்பா?"

"ஆகாது."

"உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

எனக்குத் தெரியாது. அடுத்த வளைவுக்குக் கியரை மாற்றினேன்.

காட்டுப் பாதை முடிகிற இடத்தில் கூட்டாளியின் பழைய பச்சைக் கார் நின்றது. கதவைத் திறந்து காலைக் கீழே வைக்கிறேன், மேலே வெடி கேட்டது. ஒரே ஒரு வெடி. அந்தப் பக்கத்துப் பாறையில் பட்டுத் திரும்பி வந்து அடங்கியது. மனைவி என் கையைப் பிடித்தாள். நோகிற தோள் பக்கத்துக் கை. துவக்கு ஒழுங்காக வெடித்த சத்தமா, வேறு மாதிரியான சத்தமா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. இத்தனை வருடம் கேட்ட சத்தம்தான். அன்றைக்குத் தெரியவில்லை.

ஏறினோம். நான் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு முன்னுக்கு, மனைவி வேலைக்குப் போடும் வெள்ளைச் சப்பாத்தோடு பின்னுக்கு. வேட்டை இடத்தில் கத்துகிறவனை இங்கே பிறகு யாரும் மதிக்க மாட்டார்கள். கத்தினேன். பதில் இல்லை. இருபது நிமிடம் ஏறியிருப்போம், லார்ச் மரங்களுக்கு நடுவிலிருந்து எரிச்சலான குரல் ஒன்று வந்தது:

"முழுப் பள்ளத்தாக்கையும் எழுப்பாதே! என்ன நடந்தது உனக்கு?"

கூட்டாளி ஒரு கல்லில் குந்தியிருந்து பாணும் சீஸும் தின்றுகொண்டிருந்தாள். துவக்கு மரத்தில் சாத்தியிருந்தது. காலடியில் பெண்மான் ஒன்று கிடந்தது. அதன் வாயில் ஒரு சிறு கிளை வைத்திருந்தாள். விழுந்த விலங்குக்குக் கடைசி வாய் கொடுப்பது இந்த ஊர் வேட்டைக்காரரின் மரியாதை. நான் அப்படியே புல்லில் குந்திவிட்டேன். அழுதேன் என்றும் சொல்லலாம். மேலேறி வந்த மூச்சு வாங்கல் என்று பிறகு சொல்லிக்கொண்டேன்.

மனைவி என்னைத் தாண்டிப் போனாள். கூட்டாளியின் தாடையைப் பிடித்து முகத்தை இந்தப் பக்கம் ஒருக்கால், அந்தப் பக்கம் ஒருக்கால் திருப்பிப் பார்த்தாள். முதியோர் இல்லத்தில் விழுந்தவர்களை அப்படித்தான் பார்ப்பாளாம். கூட்டாளி வாயில் பாணோடு, மறுக்கத் தெரியாமல் முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லை என்று கண்டதும் மனைவி கல்லிலேயே அவளுக்குப் பக்கத்தில் இருந்து, தாவணி மாதிரிச் சுற்றியிருந்த சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் விசயத்தைச் சொன்னேன். பொட்டு, பொருக்கு, பூச்சியம், எல்லாம். கேட்கக் கேட்கக் கூட்டாளியின் முகம் சிவந்தது. பயத்தில் என்று நினைத்தேன். அது வெட்கம்.

"அது கழன்று விழவில்லை" என்றாள். "நான்தான் எடுத்தேன்."

"நீ எடுத்தாயா?" என்றேன்.

"நிரப்பத் தொடங்க முதல் நான் எப்போதும் தட்டைப் புரட்டிப் பார்ப்பேன். மஞ்சளும் சிவப்புமாய் ஒன்று இருந்தது. அழுத்தியிலும் அதே மாதிரி இருந்ததால் உங்களுடைய கடவுள் விசயம் என்று விளங்கியது. ஆனால் அதோடு நிறுக்க முடியாதே. நகத்தால் பெயர்த்து வைத்துவிட்டு, மிச்சத்தை..." பெருவிரலைக் காட்டினாள். "எச்சில் தொட்டுத் துடைத்தேன். அதற்குப் பிறகுதான் பூச்சியம் பார்த்தேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உன் மனைவியிடம் சொல்ல இன்னும் வெட்கம். அதற்குத் தண்டனையாக இந்த வேட்டை முழுக்க எனக்குக் குறி தவறப் போகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்."

மனைவிக்கு இங்கத்தைய ஜெர்மன் நன்றாகவே விளங்கும். ஆனாலும் என்னைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் கேட்டாள்: "எச்சிலாலையோ?"

"ஓம்."

"எச்சிலாலை துடைச்சவவோ?"

"ஓமப்பா, அப்பிடித்தான் சொல்லுறா."

சிரிக்கத் தொடங்கினாள். நான் இருபத்தாறு வருடம் பார்த்த சிரிப்பில் அப்படி ஒன்று இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் ஓட, செத்த மானுக்குப் பக்கத்தில் இருந்து சிரித்தாள். கூட்டாளி முதலில் திகைத்தாள், பிறகு அவளும் தொடங்கினாள். எனக்கு உடம்பிலிருந்து ஒரு மூடை இறங்கினது போல இருந்தது. சிரிப்படங்கி மனைவி மானைப் பார்த்தாள். வாயிலிருந்த கிளையைக் காட்டி ஏன் என்று கேட்டாள். சொன்னேன். "வாய்க்கரிசி மாதிரியோ" என்றாள். மானைக் கீழே கொண்டுபோகும்போது அவளும் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். என்னை இழுக்க விடவில்லை, தோளாம்.

மிச்சமிருந்த குறைந்த மருந்துத் தோட்டாக்களை நான் பிரிக்கவில்லை. துவக்கிலுள்ள தொலைநோக்கியின் குறியை அந்த நாலு விரலுக்கு ஏற்றபடி திருத்தினேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் அதில் ஒன்றால் ஒரு பெண்மான் நின்ற இடத்தில் விழுந்தது. இறைச்சியில் கன்றலே இல்லை. என் குறிப்புக் கொப்பியில் பழைய அளவை வெட்டிவிட்டுப் புதிய அளவை எழுதினேன். பக்கத்தில் காரணம் எழுதவில்லை. கூட்டாளி பார்த்துவிட்டு, "பத்துத் தரம் நான் சொன்னேன், கேட்டாயா? உன் மனைவி ஒரு பொட்டால் சொன்னதும் கேட்டுவிட்டாய்" என்றாள். இப்போது நான் முள்ளைப் பார்க்காமல் தராசைத் தொடுவதில்லை.

அடுத்த வருடம் ஆயுத பூசைக்குக் கூட்டாளியை மனைவியே கூப்பிட்டாள். வந்தாள். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பெரிய சோக்ஸோடு நிலவறையில் ஒரு மூலையில் நின்றாள், ஒரு கையை ஜாக்கெட் பையை விட்டு எடுக்காமல். மனைவி அழுத்திக்கு வைத்தாள், சுத்தியலுக்கு வைத்தாள், மேசையின் நாலு காலுக்கும் வைத்தாள். தராசின் கட்டைக்கு வைத்துவிட்டு நிமிர்ந்து, "தட்டு எங்கை?" என்றாள். நான் கூட்டாளியைப் பார்த்தேன். அவள் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வந்ததும் வராததுமாக அவள் தட்டை எடுத்து ஒளித்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

மனைவிக்கும் பிடிபட்டது. "பயப்பிடாதை" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு கிட்டப் போனாள். சந்தனத்தை மோதிர விரலில் எடுத்து, மற்றக் கையால் அவளுடைய முன்மயிரை ஒதுக்கி, அவளுடைய நெற்றியில் வைத்தாள்.

"தட்டு கிடக்கட்டும்" என்றாள் என்னிடம். "ஆளுக்கு வைச்சாப் போதும்."